ஈடிபஸ், கர்ணன் மாதிரி ஆளுங்கள இன்னைக்கு வச்சு எப்படி எழுதுறது

என் அக்கா பொண்ணு நகரியில இருந்து போன் பண்ணி, மாமா, சோக நாயகன் இந்தக் காலத்து வாசகனுக்கு எதுக்குன்னு கேள்வி வந்திருக்கு, என்ன எழுதன்னா. அவளுக்குச் சொன்னதையே இங்க போடுறேன்.

முதல்ல நாயகன விழ வைக்கிற அந்த 'குறை'யத் தேடுறத விடுங்க. கைடுல ஈடிபஸுக்கு (கிரேக்க நாடகத்துல வர்ற ராஜா, தெரியாமலேயே அப்பாவக் கொன்னு அம்மாவக் கட்டிக்கிட்டவன்) ஆணவம்னு ஒரே வரியில முடிச்சிருப்பான். சோக நாயகன் விழக் காரணம்னு அரிஸ்டாட்டில் சொல்ற ஹமார்ட்டியாவ கெட்ட குணம்னுதான் எடுக்கணும்னு இல்ல, கணக்கு தப்புறதுன்னும் எடுக்கலாம்.

அதுக்குப் பதிலா, அவன் எங்கெல்லாம் நின்னிருக்கலாமோ அங்க பென்சில்ல கோடு போடுங்க. சோஃபோக்ளிஸ் நாடகத்துல மூணு பேர் தடுக்குறாங்க: குருட்டு ஞானி டைரீசியஸ் முதல்ல வாயே திறக்க மாட்டேங்கிறான், பொண்டாட்டியா இருக்கிற ஜொகாஸ்டா இவனுக்கு முன்னாடியே புரிஞ்சுக்கிட்டு விசாரிக்காதன்னு கெஞ்சுறா, இவன் பொறப்பு ரகசியம் தெரிஞ்ச கிழ ஆட்டுக்காரன் மழுப்புறான். இவன் ஏன் நிக்கல? ஊர்ல கொள்ளைநோய், அது தீர முந்தின ராஜாவக் கொன்னவனக் கண்டுபிடிக்கிறேன்னு ஜனங்ககிட்ட வாக்கு குடுத்துட்டான். நல்ல குணந்தான் குழியில தள்ளுது. இத ஒரு பாராவாவது விரிவா எழுதுங்க, மத்ததெல்லாம் இதுல இருந்துதான் வரும்.

அப்புறம் நம்மூர்ல இருந்து ஒரு ஆள பக்கத்துல நிறுத்துங்க. எங்க பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவுல கர்ண மோட்சம் கூத்து கட்டுவாங்க, கர்ணன் சாவான்னு சின்னப் பையனுக்கும் தெரியும், ஆனாலும் விடிய விடிய உக்காந்திருப்போம். ஏதென்ஸ்காரனுக்கும் ஈடிபஸ் கதை முன்னாடியே தெரியும். ஈடிபஸ் தெரியாம அழியறான், கர்ணன் குந்தி வந்து சொன்னப்புறம் எல்லாம் தெரிஞ்சே துரியோதனன் பக்கம் நிக்கிறான். எனக்கு ரெண்டாவதுதான் அதிகமா வலிக்கும், உங்களுக்கு எதுன்னு நீங்களே எழுதுங்க.

இன்னைக்குப் பொருத்தம்னா 'எல்லாருக்கும் ஈகோ இருக்கு'ன்னு பொதுவா அளக்காதீங்க. ஃபிரெண்டு தறி வாங்க ஜாமீன் கையெழுத்து போட்டுட்டு, அவன் கட்டமாட்டான்னு தெரிஞ்சப்புறமும் விட்டுக்குடுக்காம சொந்த வீட்ட இழக்கிறவன எங்க பக்கம் பாத்திருக்கேன், செஞ்சோற்றுக் கடன் அங்க இருக்கு. பொருந்தாத இடத்தையும் சொல்லிடுங்க, ஈடிபஸுக்கு இப்படித்தான் நடக்கும்னு முன்னாடியே குறிசொல்லு இருக்கு, ஜாமீன் போட்டவனுக்கு அது கிடையாது. (ஜாதகம் பாக்காம தறியே போடாத ஊர்ல இதச் சொல்றேன், பரவால்ல.)

கடைசியில 'இன்றும் பொருந்துகிறது'ன்னு மட்டும் முடிக்காதீங்க, திருத்துறவங்க அத நூறு பேப்பர்ல படிச்சிருப்பாங்க. ஆட்டுக்காரன் சீன்லயே நிறுத்துங்க: சொல்லக்கூடாதது வாய் வரைக்கும் வந்துடுச்சுங்கிறான் அவன், கேக்கக்கூடாததுதான், ஆனா கேட்டே ஆகணும்ங்கிறான் ஈடிபஸ்.