பாஸ்கா நாட்களில் யூத விருந்தினரை உபசரிக்கும் முறை

திருப்பூருக்கும் கோவைக்கும் தொழில் நிமித்தமாக வெளிநாட்டினர் வந்து தங்குவது வழக்கம். அவர்களுள் சமய ஒழுக்கம் தவறாத யூதர் ஒருவர் பங்குனியிலோ சித்திரையிலோ வந்தால், அது பாஸ்கா காலமாக இருக்கக்கூடும். 2026இல் ஏப்ரல் 1 மாலையிலும் 2027இல் ஏப்ரல் 21 மாலையிலும் அப்பண்டிகை தொடங்குகிறது. எகிப்தில் மன்னன் பார்வோனுக்கு அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலர் விடுபட்டதை நினைவுகூரும் இதனை, யூதர்கள் தம் வழிபாட்டில் ‘எங்கள் விடுதலையின் காலம்’ என்றே குறிப்பிடுகிறார்கள். உண்பதிலும் சமைப்பதிலும் கட்டுப்பாடுகள் மிகுந்த வாரமும் இதுவே. இவ்விரண்டும் எவ்வாறு பொருந்துகின்றன என்பதை விருந்தோம்புபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்விடுதலையைச் சொல்லும் வேதநூலான யாத்திராகமத்தில், இஸ்ரவேலரின் தலைவர் மோசே பார்வோனிடம் கேட்பது மக்களைப் போகவிட வேண்டும் என்பது மட்டுமன்று. இறைவனை வழிபடுவதற்காகப் போகவிட வேண்டும் என்பதாகும். மனிதனின் ஏவலிலிருந்து நீங்கி, இறைவனின் கட்டளையை மனமுவந்து ஏற்பதையே யூத சமயம் விடுதலை என்கிறது. தன் பொழுதின்மேல் உரிமை இல்லாதவன் அடிமை. எனவேதான் எகிப்தை விட்டுப் புறப்படும் முன்பே, மாதங்களைத் தாமே கணக்கிடும் கட்டளை அம்மக்களுக்கு அளிக்கப்பட்டது என்று உரையாசிரியர்கள் விளக்குவர். மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர் ஊர் எல்லை தாண்டாமல் விரதம் காப்பதை நம் பகுதியில் யாரும் அடிமைத்தனமாகக் கருதுவதில்லை. விருந்தினர் உணவை மறுக்கும்போதும் அவ்வாறே எண்ணி, ‘ஒரு வாயாவது சாப்பிடுங்கள்’ என்று வற்புறுத்தாமல் இருப்பதே, என் கருத்தில், முதன்மையான உபசாரம்.

அடுத்து உணவு. கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் (ஒரு பழைய கோதுமை வகை) ஆகிய ஐந்து தானியங்களில் ஒன்று நீர்பட்டுப் புளித்தால் அது ஹமெட்ஸ் எனப்படும். அதை உண்பதோடு உடைமையாக வைத்திருப்பதும் விலக்கப்பட்டது. மாவில் நீர் சேர்ந்தபின் பிசைவதை நிறுத்திவிட்டால் 18 நிமிடத்தில் அது புளிப்புக்கு உரியதாகிவிடும் என்பது கணக்கு. ஆகையால் புளிக்க வைக்காத சப்பாத்திதானே என்று பரிமாறுவது தவறு. அவர் தமக்குரிய மட்ஸா என்னும் புளிப்பில்லா அப்பத்தைத் தாமே கொண்டு வந்திருப்பார். நம் சமையலில் எளிதில் கண்ணுக்குத் தப்புவது பெருங்காயம். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருப்பதால், கோதுமையே இல்லாததாகத் தோன்றும் ரசமும் சாம்பாரும்கூட ஆகாதவையாகிவிடும்.

அரிசி, பருப்பு, கம்பு, சோளம் ஆகியவற்றில் மரபுக்கு மரபு வேறுபாடு உண்டு. ஐரோப்பிய அஷ்கெனாசி மரபினர் பலர் இவற்றைத் தவிர்ப்பர். ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செபார்டி மரபினர் பலரும் அரிசி உண்பர். இட்லி மாவு புளிப்பது ஹமெட்ஸ் ஆகாது, ஏனெனில் அரிசியும் உளுந்தும் அந்த ஐந்தில் இல்லை. ஆயினும் நம் வீட்டுப் பாத்திரங்களில் ஆண்டு முழுவதும் எல்லாம் சமைக்கப்பட்டிருப்பதால், எதைச் சமைக்கும் முன்னும் அவரிடம் கேட்டுவிடுவதே நல்லது. நறுக்காத வாழைப்பழம், மாம்பழம், அவர் முன்னிலையில் வெட்டித் தரும் இளநீர் ஆகியவற்றை ஐயமின்றி அளிக்கலாம். இவற்றை வெறும் பழம் என்று குறைவாக நினைக்க வேண்டாம்.

முதல் இரவில் விடுதலைக் கதையைச் சொல்லி உண்ணும் சேதர் என்னும் சடங்கு விருந்துக்கு அவருக்கு அமைதியான அறையும் சில தலையணைகளும் தேவைப்படும். பழங்காலத்தில் சுதந்திர மனிதர் சாய்ந்தமர்ந்து உண்டனர் என்பதால், அன்றிரவு இடப்பக்கம் சாய்ந்து நான்கு கிண்ணம் திராட்சை ரசம் அருந்துவார்கள். கசப்புக் கீரையும் கண்ணீரைக் குறிக்கும் உப்புநீரும் அதே மேசையில் இருக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் தாமே எகிப்திலிருந்து வெளியேறியதாகத் தம்மைக் காண வேண்டும் என்று மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு பணிப்பதால், அந்தக் கசப்பை வாயில் உணர்ந்தே தீர வேண்டும். எகிப்தின்மேல் இறைவன் அனுப்பிய பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி ரசத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுவர்; எகிப்தியரின் துன்பத்தை எண்ணி மகிழ்ச்சியைக் குறைத்துக்கொள்வதாக அதற்கு விளக்கம் கூறப்படுகிறது. உங்களை அவர் அழைத்தால், தயங்காமல் கேள்வி கேளுங்கள். கேள்வியில் தொடங்குவதே அந்த இரவின் முறை.

தொழில் தொடர்பான ஏற்பாடுகளையும் இதற்கேற்ப வகுக்க வேண்டும். இஸ்ரேலுக்கு வெளியே எட்டு நாள் கொண்டாடுபவர்களுக்கு முதல் இரண்டு நாட்களும் கடைசி இரண்டு நாட்களும் வேலை, எழுத்து, பணப் பரிமாற்றம், வாகனப் பயணம் இல்லாதவை. ஆலையைப் பார்வையிடுவதையும் ஒப்பந்தக் கையெழுத்தையும் இடைப்பட்ட நாட்களில் வைக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். இஸ்ரேலிலிருந்து வருபவரின் கணக்கு வேறாக இருக்கலாம். இரண்டாம் இரவிலிருந்து தோரா என்னும் யூத வேதம் அருளப்பட்டதைக் கொண்டாடும் பண்டிகை வரை 49 நாட்களை இரவுதோறும் எண்ணுவதும் கடமையாகையால், பாஸ்கா முடிந்த பிறகும் இரவு உணவு வேளையில் அவர் சிறிது நேரம் விலகி நின்று வேண்டினால், பரிமாறுவதை நிறுத்தி வைத்துக் காத்திருங்கள்.