எவர்சில்வர் சம்புடம் உள்ளே போகாது: பிரிட்டனுக்கு வரும் டெல்டாப் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு

ஆவணி பிறந்தால் கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில், கல்யாணச் சீர் வாங்குவோருக்கு நடுவே, மேற்படிப்புக்கு வெளிநாடு போகும் பிள்ளைகளின் பெற்றோரும் நிற்கிறார்கள். பிரிட்டனில் கல்லூரிகள் செப்டம்பர் பிற்பகுதியில் திறப்பதால் பாபநாசம், வலங்கைமான், மன்னார்குடிப் பக்கமிருந்தெல்லாம் வந்து குக்கரும் டப்பாவும் வாங்குகிறார்கள். இந்த ஆண்டு நான் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது என் அண்ணன் மகளும் அப்படித்தான் லெஸ்டருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி ஆசையாக வாங்கி வைத்திருந்த ஐந்து எவர்சில்வர் சம்புடங்களில் நான்கை நான் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன். "ஏன் அத்தை, சாப்பாட்டை எதுல கொண்டு போறது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே, அதே வழியில் வரப்போகும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். சைவம் சாப்பிடுகிறவர்களையும், பால், தயிர், நெய் எதுவும் தொடாத வீகன்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

அங்கே வேலையிடத்திலும் கல்லூரியிலும் சாப்பாட்டைச் சூடாக்கக் கிடைப்பது பெரும்பாலும் மைக்ரோவேவ் ஒன்றுதான். உலோகப் பாத்திரத்துக்குள் அந்த அலை நுழையாது. மோதித் திரும்பும், தீப்பொறியும் கிளம்பும், உள்ளே இருக்கும் சோறோ ஜில்லென்றே கிடக்கும். ஓரத்தில் தங்கக் கோடு போட்ட பீங்கான் தட்டுக்கும் இதே கதிதான். ஆகவே போய் இறங்கியதும் மூடியுள்ள கண்ணாடி டப்பா இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவில் எண்ணெய் மிதக்கும் குழம்பை வைத்துச் சூடாக்கினால் டப்பாவின் ஓரம் இளகிவிடும், மஞ்சள் கறையும் அதன் ஆயுள் வரை போகாது. பெட்டியில் விட்டுவைத்த ஒரு சம்புடம் வீண் அல்ல. சூடாக்கத் தேவையில்லாத பொடி, ஊறுகாய், வறுவலுக்கு அதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடையாது.

அடுத்ததாக நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு 20 நிமிட இடைவேளை தர வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தாராளமான முதலாளி அரை மணியோ ஒரு மணியோ தருவார். பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவர் அந்த 20 நிமிடத்தையே நம்பியிருக்க வேண்டும். அதற்குள் மைக்ரோவேவுக்கு முன்னால் வரிசையில் நின்று, சூடாக்கி, சாப்பிட்டு, டப்பாவைக் கழுவியாக வேண்டும் என்பதால், நான்கைந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் எந்த உணவும் மதியத்துக்கு உதவாது. வெளியே வாங்கிச் சாப்பிடலாமே என்று தோன்றும். ஆனால் கடையில் சூடாகத் தரும் உணவுக்கு 20 சதவீத வரி உண்டு. எடுத்துச் சென்று சாப்பிடுவதற்காகக் குளிராக விற்கும் பெரும்பாலான உணவுக்கு அந்த வரி கிடையாது. குளிராக வாங்கி நாமே சூடாக்கிக்கொள்வதில் உள்ள சிக்கனத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது லேபிளில்தான். நம் ஊரில் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம். பிரிட்டனில் அப்படிக் கட்டாயமான குறி எதுவும் இல்லை. அதைவிட மோசம், அங்குள்ள பொட்டலங்களின் முகப்பிலும் பச்சை வட்டம் இருக்கும். அது கொழுப்பு, சர்க்கரை, உப்பு ஆகியவற்றின் அளவு குறைவு என்பதைக் காட்டும் போக்குவரத்து விளக்கு நிறம். கோழிக்கறிப் பொட்டலத்திலும் அது பச்சையாக ஒளிரும். டெல்டாவிலிருந்து போன கண் அதைப் பார்த்ததும் கை தானாக நீளும். பச்சையைத் தேடாமல் 'வெஜிடேரியன்', 'வீகன்' என்று எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். 1944இல் தொடங்கிய வீகன் சொசைட்டியின் சூரியகாந்திச் சின்னம் இருந்தால் அது நம்பகமானது.

இன்னொன்றையும் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 'வெஜிடேரியன்' என்ற சொல்லுக்குள் முட்டையும் அடக்கம். முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் போதாது. அவர்கள் வீகன் என்று எழுதியதை எடுப்பதே எளிது, தயிரை வேண்டுமானால் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். பூஞ்சை இனத்து நுண்ணுயிரிலிருந்து செய்யும் குவார்ன் என்ற இறைச்சி மாற்று உணவின் பல வகைகளில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்கிறது. வீகன் என்று குறித்த வகைகளில் சேர்வதில்லை. நான் போன புதிதில், ஒரு கடையில் கீரைப் பச்சை நிறத்தில் இருந்த பாஸ்தாவை ஒரு மாதம் போல வாங்கிச் சாப்பிட்டேன். இலையையும் பருப்பையும் அரைத்த துவையல்தானே என்ற நினைப்பு. அதில் சேர்த்திருந்த பார்மெசான் பாலாடைக்கட்டியை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பால்தானே என்று நாம் நினைக்கும் பொருளே இப்படி இருப்பதால், சைவத்தில் உறுதியாக இருப்பவர்கள் பாலாடைக்கட்டி சேர்ந்த எதையும் லேபிள் படித்த பின்னரே வாங்க வேண்டும். சில தயிர் வகைகளில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும், தாய்லாந்துக் குழம்புகளில் மீன் சாறும், காய்கறி சூப் என்று நினைத்து எடுப்பதில் கோழிச் சாறும் இருக்கக்கூடும்.

லேபிளை வேகமாகப் படிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருள்கள் சேர்ந்திருந்தால் அவற்றைச் சேர்மானப் பட்டியலில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். பால், முட்டை, மீன், இறால் வகை ஆகியவை அந்த 14இல் அடங்கியவை என்பதால் தடித்த எழுத்துகளை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் ஆடும் மாடும் கோழியும் அந்தப் பட்டியலில் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. 'பால் கலந்திருக்கக்கூடும்' என்று கடைசியில் தனியாக எழுதியிருப்பது, அதே ஆலையில் பால் புழங்குகிறது என்று ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கையே தவிர, பால் சேர்த்துச் செய்தது என்று பொருள் அல்ல.

இனி, எதை வாங்குவது? என் அனுபவத்தில், முழுச் சாப்பாடாக விற்கும் தட்டுகளை நம்புவதைவிட, ருசியில்லாத வெறும் பொருளை அங்கே வாங்கி, ருசியை ஊரிலிருந்து கொண்டுபோவதே மலிவும் திருப்தியும் ஆகும். நம் தாத்தாக்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போன கணக்குதான் இது. இரண்டு நிமிடத்தில் சூடாகும் 250 கிராம் சோற்றுப் பொட்டலம் எல்லாச் சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். இரண்டு பேருக்கு என்று அதில் எழுதியிருந்தாலும் தஞ்சாவூர்க்காரர் ஒருவருக்குத்தான் காணும். முகப்பை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள், முட்டை சேர்த்த வகையும் அதே அலமாரியில் இருக்கும். வேகவைத்த பருப்பும் கொண்டைக்கடலையும் பொட்டலத்திலும் டின்னிலும் வருகின்றன. டின்னை அப்படியே உள்ளே வைக்காமல் கிண்ணத்தில் கொட்டிச் சூடாக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மலிவானது உருளைக்கிழங்கு. பெரிய கிழங்கைத் தோலோடு கழுவி, முள்கரண்டியால் பத்து இடங்களில் குத்தி, நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டு எட்டுப் பத்து நிமிடம் வைத்தால் மாவாக வெந்துவிடும். குத்த மறந்தால் உள்ளே சேரும் ஆவியில் வெடிக்கும். இதை இரவே வேகவைத்து எடுத்துச் சென்றால் மதியம் சூடாக்கினால் போதும். தக்காளிச் சாற்றில் ஊறிய பீன்ஸ் டின் ஒன்றைத் திறந்து மேலே ஊற்றுவது அந்நாட்டு வழக்கம். அது வீகன் உணவுதான். பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் ஊற்றிப் பிசைவது என் வழக்கம்.

இந்தியக் கடைகளில் விற்கும் ராஜ்மா, சன்னா மசாலா போன்ற பொட்டலங்கள் அவசரத்துக்கு உதவும். எம்.டி.ஆர். போன்ற நிறுவனங்களின் இந்த வகை உணவு, பொட்டலத்தோடு சேர்த்துக் கடும் சூட்டில் கிருமி நீக்கப்படுவதால், பிரிக்காதவரை ஃப்ரிட்ஜ் இல்லாமலே இருக்கும். உள்ளே அலுமினியப் படலம் உள்ள பொட்டலத்தை அப்படியே மைக்ரோவேவில் வைத்துவிடாதீர்கள். தால் மக்கனியில் வெண்ணெய் இருக்கும் என்பதை வீகன்கள் கவனிக்க வேண்டும். சூப்பர்மார்க்கெட்டின் சொந்தப் பெயரில் வரும் தட்டுச் சாப்பாடுகளில் மூன்று வகைப் பயறு போட்ட சில்லி என்ற காரக் குழம்பு நம் நாக்குக்கு ஓரளவு ஒத்துவரும். மாலையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைத்திருப்பதை வாங்கி, 'யூஸ் பை' தேதி முடிவதற்குள் ஃப்ரீசரில் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தேதி பாதுகாப்புக்கானது, தாண்டக் கூடாது; 'பெஸ்ட் பிஃபோர்' என்பது தரத்துக்கானது மட்டுமே.

பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 800 அல்லது 900 வாட் அடுப்புக்கானது. உங்கள் அடுப்பின் வாட் எண்ணிக்கை கதவிலோ முகப்பிலோ இருக்கும். 800 வாட்டுக்கு நான்கு நிமிடம் என்றால் 700 வாட்டில் நான்கரை நிமிடம் வேண்டும். அலை உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் இறங்கும் என்பதால், நடுவில் கிளறுவதும் எடுத்தபின் ஒரு நிமிடம் அப்படியே விடுவதும் அலங்கார வாசகங்கள் அல்ல.

சோற்றைப் பற்றி மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் வடித்த சோற்றை மேடையில் மூடிவைத்து இரவில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். குளிர் நாடுதானே என்று அங்கும் அப்படியே வைப்பார்கள். வெந்த அரிசியிலும் பிழைத்திருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள், வெதுவெதுப்பில் பெருகி நச்சு உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது; வாந்தியும் பேதியும் வரும். பழையது என்பது நீரூற்றி நொதிக்கவைத்துக் குளிராகவே உண்பது. அந்தத் தைரியத்தை மீந்த சோற்றின் மேல் காட்டக் கூடாது. பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு சொல்வது இது: ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, ஆவி பறக்க ஒரே ஒருமுறைதான் சூடாக்க வேண்டும். இலங்கைத் தமிழர் கடைகளில் பொன்னி அரிசி மூட்டையாகவே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வடித்து, தட்டில் பரப்பி ஆற்றி, வேளைக்கு ஒன்றாகக் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிட்டால், சோற்றுப் பொட்டலத்தின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

பெட்டியில் மிச்சமிருக்கும் இடத்துக்கு வருவோம். நல்லெண்ணெய் மிதக்கக் கொதித்து இறக்கிய புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, மோரில் ஊறவைக்காமல் உலர்த்திய மணத்தக்காளி வற்றல், நார்த்தங்காய் ஊறுகாய் ஆகியவற்றுக்கே அதைக் கொடுங்கள். இவற்றில் பால் இல்லாததால் வீகன்களுக்கும் ஆகும். இந்தியாவிலிருந்து பால் பொருள்களைக் கொண்டுபோக அனுமதி இல்லை என்பதால் நெய்ப் பாட்டிலையும் பால்கோவாவையும் அண்ணியிடமே திருப்பிக் கொடுத்தேன், முகம் வாடிப்போனார். நெய் அங்கேயே கிடைக்கும். தயிர்சாதத்துக்குச் சோற்றை மட்டும் சூடாக்கி, தயிரைப் பிறகு கலக்க வேண்டும். சேர்த்துச் சூடாக்கினால் திரிந்துவிடும். வீகன்கள் சோயாத் தயிர் வாங்கும்போது சர்க்கரை சேர்க்காதது என்று எழுதியிருப்பதைப் பார்த்து எடுக்காவிட்டால், கடுகு தாளித்த பாயசம் சாப்பிட நேரும்.

உளுந்து அப்பளம் ஒரு கட்டையும் வைத்துக் கொள்ளச் சொன்னேன். இருபுறமும் எண்ணெயைத் தொட்டுத் தடவித் தட்டில் வைத்தால், 700 வாட் அடுப்பில் ஒரு நிமிடத்துக்குள் பொரிந்துவிடும். கடைசிப் பத்து விநாடி கண்ணெடுக்காமல் நில்லுங்கள். கருகினால் அந்த வாசனை அலுவலகம் முழுவதும் மாலை வரை நிற்கும்.