இகாலா அரசரின் நெஞ்சில் தொங்கும் பித்தளை முகம்: எழுதுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

முடிசூட்டு விழா என்றதும் நாம் முதலில் பார்ப்பது தலையைத்தான். இகாலா அரச சின்னங்களைப் பற்றி எழுதுகிறவர்களின் முதல் சறுக்கலும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. நைஜீரியாவில் நைஜர், பெனுவே ஆறுகள் கூடும் இடத்துக்குத் தெற்கே, நைஜரின் கிழக்குக் கரையில் இடா என்ற ஊரில் இகாலா மக்களுக்கு இன்றும் ஓர் அரசர் இருக்கிறார். அவருடைய பட்டம் அத்தா. அவரிடம் தொப்பியும் மணிமாலைகளும் இருக்கின்றன, ஆனால் பார்க்க வேண்டிய பொருள் நெஞ்சில் தொங்குகிறது. அது ஒரு பித்தளை முகம், பெயர் எஜுபெஜு அய்லோ. மற்றக் கண்களை அஞ்ச வைக்கும் கண் என்று பொருள் சொல்வார்கள்.

முகமூடி என்று எழுதினால் படிக்கிறவர் அதை முகத்தில் மாட்டுவது என்றுதான் நினைப்பார், ஆனால் இது பதக்கம் மாதிரி நெஞ்சில் அணிவது. முகத்தில் மாட்டுகிற வகை இடாவில் தனியாகவே உண்டு. எக்வு அத்தா எனப்படும் அரச முகமூடி ஆட்டங்களில் முழு உடலையும் மூடிக்கொண்டு வருவார்கள், அவற்றில் எக்வே என்பதற்குத்தான் முதல் மரியாதை. இரண்டுக்கும் அரண்மனையோடு தொடர்பு இருப்பதால் ஒன்றின் படத்தைப் போட்டு மற்றதன் கதையைச் சொல்லிவிடுகிறார்கள்.

படம் என்றதும் இன்னொன்று. எஜுபெஜு அய்லோவைப் பற்றிய பதிவில் யானைத் தந்தத்தில் செதுக்கிய முகம் ஒன்றின் படம் வந்து உட்கார்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அது பெனின் அரசர் எசிகியின் தாய் இடியாவின் முகம் என்று கருதப்படுவது, 1897-ல் பிரிட்டிஷ் படை பெனின் அரண்மனையைச் சூறையாடியபோது போனது. கிட்டத்தட்ட ஒரே மாதிரி இரண்டு இருக்கின்றன. ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், இன்னொன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில். 1977-ல் லாகோஸில் நடந்த ஃபெஸ்டாக் விழாவுக்குச் சின்னமாக இருந்தது லண்டனில் உள்ளது. அடையாளம் காண்பது சுலபம்: தலையின் மேல் விளிம்பில் தாடி வைத்த போர்த்துகீசியர்களின் குட்டிக் குட்டித் தலைகள் வரிசையாக இருக்கும். இடாவில் இருப்பது பித்தளை, தந்தம் இல்லை. அது மியூசியத்துக்கும் போகவில்லை, அத்தாவிடமே இருக்கிறது. ஆகவே திருடுபோன ஆப்பிரிக்கப் பொருட்கள் பட்டியலில் இதைச் சேர்ப்பதும் தப்பு.

பெனின் என்றதும் வரைபடத்தில் பெனின் நாட்டைக் காட்டுகிறவர்களும் உண்டு. இந்தக் கதையில் வரும் பெனின் நைஜீரியாவின் இன்றைய எடோ மாநிலத்தில் இருந்த அரசு. பக்கத்து நாட்டுக்கு அந்தப் பெயர் வந்தது 1975-ல்தான், அதுவரை அது டஹோமி.

சரி, இந்த முகம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது: ஏதோ ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவது. வார்ப்பின் பாணியைப் பார்க்கும் கலை வரலாற்றாளர்கள் இதை 16-ஆம் நூற்றாண்டு பெனின் வேலையோடு சேர்க்கிறார்கள். அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், 1515 வாக்கில், எசிகிக்கும் இடாவுக்கும் போர் நடந்தது. பெனின் மரபு அதைத் தன் வெற்றியாகப் பாடுகிறது, போரில் ஜெயித்த பெனின் தன் மேலாண்மைக்கு அடையாளமாக இந்த முகத்தை இடாவுக்குக் கொடுத்தது என்ற விளக்கமும் உண்டு. அது அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், இடாவில் அதை அணிகிற அரசர் தோல்விச் சான்றிதழைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கவில்லை, எதிரில் நிற்பவனை நடுங்க வைக்கும் சக்தி அதில் இருக்கிறது என்பதால்தான் அணிகிறார். வந்த வழி வேறு, இன்று தாங்கும் பொருள் வேறு. பூர்விகத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பொருளும் கிடைத்துவிட்டது என்று நினைப்பது எனக்குச் சோம்பேறித்தனமாகவே படுகிறது.

அரச வம்சத்தைப் பற்றியும் இதே கதைதான். ஒருவர் ஜுக்குன் மக்களின் வழி என்பார், இன்னொருவர் பெனின், மூன்றாமவர் யொருபா. இகாலா மொழி யொருபாவுக்கு மிக நெருங்கிய உறவு, அது மொழியியல் செய்தி. இப்போதுள்ள வம்சம் கிழக்கே வுக்காரி பக்கமிருந்து ஜுக்குன்களிடையே இருந்து வந்தது, முன்னோர் அபுட்டு எஜே என்பது மரபுச் செய்தி. மக்கள் பேசும் மொழியும் ஆளும் குடும்பம் வந்த திசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயத்தை ஏனோ பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். பட்டமேற்புச் சடங்கில் அத்தாவுக்குக் காது குத்துகிறார்கள். இதை வெறும் அலங்காரம் என்று எழுதிவிட்டுப் போனால் பாதிக் கதை போச்சு. மரபுப்படி இந்த வம்சத்தில் முதலில் ஆண்டவர்களில் எபுலெஜொனு என்ற பெண் இருந்தார், அபுட்டு எஜேயின் மகள். இக்போ இனத்து வேட்டைக்காரன் ஒருவனைக் கணவனாக ஏற்றார், அவன் வழியில் வந்த பட்டம்தான் அச்சாடு. இன்றும் அச்சாடுவை அத்தாவின் கணவர் என்கிறார்கள், இகாலாமேலா எனப்படும் ஒன்பது குலங்களோடு சேர்ந்து அரசரை அரியணை ஏற்றுகிறவர் அவர். அதாவது ஓர் ஆண் அரசராகும்போது சடங்கு முறையில் அவர் மனைவியாகிறார், அதைச் சொல்வதுதான் அந்தக் காது. வெளியிலிருந்து வந்த வம்சம் மண்ணின் குலங்களின் சம்மதமில்லாமல் ஆள முடியாது என்ற ஏற்பாடு உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அரசர் எல்லாம் வல்லவர் என்று எழுதுகிறவர்கள் இந்தக் காதைப் பார்ப்பதில்லை.

இனிக்பியையும் இதோடு குழப்பாதீர்கள். ஜுக்குன்களோடு நடந்த போரில் தந்தை அயெக்பாவின் அரசைக் காக்க உயிரோடு புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இளவரசி அவர், இடாவில் சிலை இருக்கிறது. அது நினைவுச்சின்னம், அரசர் அணியும் சின்னம் அல்ல.

அப்புறம், இடா வெறும் வாங்கிக்கொண்ட இடம் மட்டும் இல்லை, கொடுத்த இடமும்தான். வடக்கே நூபே மக்களின் மரபில் அவர்களுடைய முதல் அரசர் சோயிடே ஓர் அத்தாவின் மகன். இடாவிலிருந்து கிளம்பும்போது தந்தை கொடுத்த வெண்கலப் படகு, நீண்ட எக்காளங்கள், மணி கட்டிய முரசுகளோடு ஆற்றில் ஏறிப் போனார் என்கிறார்கள். தாடா, ஜெப்பா ஊர்களில் இருந்த உலோகச் சிலைகளையும் அவரே கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அதற்காக அவை எல்லாம் இடாவில் வார்த்தவை என்று எழுதக் கூடாது. தாடாவில் கிடைத்த, உட்கார்ந்த நிலையிலுள்ள புகழ்பெற்ற சிலை யொருபா நகரமான இஃபேயின் பாணியில் உள்ளது, சோயிடேவுக்கு முந்தையது. தெற்கே நசுக்கா பகுதி இக்போ ஊர்களில் அத்தாமா என்ற பூசாரிப் பட்டமும் அசாடு என்ற பட்டமும் இடாவின் கை எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்கு அடையாளம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். இப்போதைய இகாலா விழாப் படங்களில் மஞ்சளும் கறுப்பும் கோடு போட்ட துணி நிறையத் தெரியும். அதை அரசரின் பழங்கால உடை என்று தலைப்புப் போடாதீர்கள். அது அண்மையில் பரவிய இன அடையாளம், விழாவுக்கு வந்த யார் வேண்டுமானாலும் உடுத்துவார்கள். அந்தக் கூட்டத்தில் அத்தா யார் என்று தெரிய வேண்டுமானால் துணியை விட்டுவிட்டு நெஞ்சைப் பாருங்கள்.