செஞ்சிலந்திக்கு மருந்தடிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனி, சித்திரை வெயிலில் கத்தரி இலைகள் வெளிறி, மேற்புறத்தில் ஊசியால் குத்தியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றும்போது, அதைச் சத்துக் குறைபாடு என்று எண்ணி யூரியா இடுவது பலரும் செய்யும் முதல் தவறு. அவை செஞ்சிலந்தி சாறு உறிஞ்சிய தடங்கள்; தழைச்சத்து கூடிய இலையில் அது இன்னும் வேகமாகப் பெருகும். இலையைத் திருப்பிப் பார்த்தால், மெல்லிய நூலாம்படைக்குள் ஊர்ந்து செல்லும் புள்ளிகளும் உருண்டையான முட்டைகளும் தெரியும். கண்ணுக்கு எட்டாவிட்டால் வெள்ளைத் தாளின்மேல் இலையைத் தட்டிப் பார்க்கலாம்.

அடுத்த தவறுதான் வயலையே கெடுக்கிறது. செஞ்சிலந்தி பூச்சியன்று, எட்டுக் கால்கள் கொண்ட சிலந்தி வகுப்பைச் சேர்ந்தது. காய்ப்புழுவுக்கு அடிக்கும் சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆனால் அதைத் தின்று வாழும் பூச்சிகளை அவை அடியோடு துடைத்துவிடுகின்றன. கோடையில் முட்டை முதிர்ந்த சிலந்தியாவதற்கு 7 முதல் 10 நாட்களே போதும் என்பதாலும், ஒரு பெண் சிலந்தி ஏறத்தாழ 100 முட்டைகள் வரை இடும் என்பதாலும், எதிரியற்ற வயலில் அது முன்னைவிடப் பெரிதாகக் கிளம்புகிறது. அப்போது இன்னொரு மருந்தைத் தேடுகிறோம். பல வயல்களில் செஞ்சிலந்தியைப் பெருக்கியது நம் தெளிப்பான்தான் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நன்மை செய்யும் பூச்சியைத் தீங்கென்று நினைத்து நசுக்குவதும் வருத்தத்துக்குரியது. கடுகளவே உள்ள கரிய பொறிவண்டு ஒன்று நூலாம்படைக்குள் புகுந்து செஞ்சிலந்திகளையும் முட்டைகளையும் தின்கிறது. ரோமம் படர்ந்த அதன் கரும்புழுவும் சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் தோலை விட்டுச் செல்கிறது. இறக்கைகளில் ஆறு கரும்புள்ளிகள் கொண்ட வெளிர்மஞ்சள் இலைப்பேனும் அப்படித்தான்: இலைப்பேன் என்றாலே பகை என்று பழகிவிட்டதால், இந்த நண்பனுக்கும் மருந்தடிக்கிறோம். மயிரிழை போன்ற காம்பின் நுனியில் நிற்கும் முட்டைகள் கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையவை. அவற்றைப் பூஞ்சாணம் என்று கிள்ளி எறியக் கூடாது.

செஞ்சிலந்திக்கு அடிக்கும் நனையும் கந்தகத்தை (நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) உச்சிவெயிலில் தெளிப்பதும், எண்ணெய் தெளித்த இரண்டு வாரங்களுக்குள் அதை அடிப்பதும் இலையைக் கருக்கிவிடும். வெள்ளரி, பூசணி வகைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். எதை அடித்தாலும் இலையின் மேற்புறத்தை மட்டும் நனைத்தால் பயனில்லை.

அவசரப்படாமல் 10 இலைகளில் நூல் கட்டி, அடிப்புறத்தில் செஞ்சிலந்திகளையும் இரைவிழுங்கிகளையும் எண்ணிக் குறித்துக்கொண்டு, மூன்றாம் நாள் அதே இலைகளை மீண்டும் பாருங்கள். செஞ்சிலந்தி குறைந்து பொறிவண்டுப் புழு கூடியிருந்தால், அந்த வாரம் தெளிப்பானைத் தொட வேண்டியதில்லை.