கண்ணை மூடச் சொல்வதற்கு முன்: பள்ளித் தளர்வுப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிகளில் தளர்வுப் பயிற்சியும் மனக்காட்சிப் பயிற்சியும் நடத்தப் புதிதாக வருபவர்களின் வகுப்பைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. தொடக்கத்தில் நாங்கள் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். அறையில் சத்தம், குரலில் நடுக்கம் எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

காட்சியை நாமே தேர்ந்தெடுப்பது

"எல்லாரும் கண்ணை மூடிக்கங்க. இப்போ கடற்கரையில நிக்கிறீங்க. அலை மெதுவா வந்து காலைத் தொடுது." கையில் கிடைக்கிற ஸ்கிரிப்டுகள் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தது. கடலுக்குப் போன குமரி மாவட்ட மீனவர்கள் பலர் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு அங்கே ஒரு கடலோரப் பள்ளியில், ஒரு பயிற்சியாளர் இதே வரிகளை வாசித்தார். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கண்ணை மூடியபடியே டெஸ்க் விளிம்பை இறுக்கிப் பிடித்தான். விரல் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது. பயிற்சியாளர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தூரத்துல ஒரு படகு போகுது" என்றதும் பையன் எழுந்து வெளியே ஓடிவிட்டான். அவன் சித்தப்பா கரை திரும்பாதவர்களில் ஒருவர். அதன் பிறகு எங்கள் வகுப்பு என்றாலே அவனுக்குத் தலைவலி வந்துவிடும். உதவி தேவைப்பட்ட ஒரு பிள்ளையை நாங்களே விரட்டிவிட்டோம்.

இதே வரிகள் இன்றைக்கும் காதில் விழும்போது எனக்குக் கோபம் வருகிறது. கடல் மட்டும் இல்லை. "பாட்டி வீட்டுத் திண்ணை" என்கிறோம். பாட்டி போன மாதம் இறந்திருக்கலாம். "உங்க வீட்டுல பாதுகாப்பா படுத்திருக்கீங்க" என்கிறோம். தினமும் வீட்டில் அடி வாங்குகிற பிள்ளை அந்த வரியை எப்படிக் கேட்கும்?

இடத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். கண் திறந்திருக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "உனக்கு நிம்மதியா இருக்கிற ஓர் இடத்தை நினைச்சுக்கோ. நிஜமான இடமா இருக்கலாம், நீயா உண்டாக்கினதா இருக்கலாம். யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்." அப்புறம் எதையும் வர்ணிக்காமல் கேள்விகளாகவே கொண்டுபோங்கள். அங்கே என்ன சத்தம் கேட்கிறது? காற்று எப்படி இருக்கிறது? கைக்கு எது தட்டுப்படுகிறது? ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தானாகவே தன் இடத்தை வரைந்து காட்டினாள்: ரேஷன் கடைப் படிக்கட்டு, அதில் படுத்திருக்கும் தெருநாய், அதன் முதுகில் அவள் கை. எந்த ஸ்கிரிப்டில் இது வரும்?

சத்தத்தையும் தொடுதலையும் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிலருக்கு மனக்கண்ணில் படமே வராது. ஆடம் ஜெமன் என்ற நரம்பியலாளரும் அவருடைய குழுவினரும் 2015இல் இதற்கு அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார்கள். இது நோய் அல்ல. "தெரியுதா, தெரியுதா?" என்று நெருக்கினால், தனக்குத்தான் ஏதோ குறை என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

கண்ணை மூடியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. டெஸ்கில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் போதும்.

"உடம்பைத் தளர்த்துங்க" என்று மட்டும் சொல்வது

இறுக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாத பிள்ளைக்குத் தளர்வும் தெரியாது. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களிலேயே வகுத்த முறை இது: தசையை இறுக்கு, பிறகு விடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனி. உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் இருப்பதாக நினைத்து, ஐந்து எண்ணும் வரை பிழிந்து, சட்டென்று விடச் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

வேகவேகமாக ஆழ்மூச்சு

"நல்லா இழு, இன்னும் இழு" என்று விரட்டினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கிற பிள்ளை இன்னும் பயந்துவிடும். மூன்று எண்ணி இழுத்து, ஐந்து எண்ணி மெதுவாக விடட்டும். வீசிங் உள்ள பிள்ளையை மூச்சைப் பிடித்து வைக்கச் சொல்லவே கூடாது.

சத்தம் போடும் வகுப்புக்குத் தண்டனையாக

வேண்டாம்.

பரீட்சை அன்று காலையில் முதல் தடவை

பலிக்காது. சில வாரம் முன்பே, பதற்றம் இல்லாத நாட்களில் பழக்க வேண்டும்.

மணி அடித்ததும் அப்படியே விடுவது

கடைசி மூன்று நிமிடம் திரும்பி வருவதற்கு. கால்விரலை அசைக்கட்டும், பாதத்தைத் தரையில் அழுத்தட்டும், அறையில் இருக்கிற நீல நிறப் பொருள்களைத் தேடட்டும். அப்புறம் எழட்டும்.

"என்ன பார்த்தே? எழுந்து சொல்லு"

வகுப்பு முன்னால் இதைக் கேட்காதீர்கள். பயிற்சி முடிந்து, சில பிள்ளைகள் தனியாக வந்து எதையாவது சொல்வார்கள். அப்போது "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாலியல் கொடுமை பற்றிய பேச்சாக இருந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள், துருவி விசாரிக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது. உனக்கு உதவ முடிஞ்சவங்ககிட்ட மட்டும் நான் இதைச் சொல்லணும்" என்று பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிட்டு, அன்றைக்கே காவல்துறைக்கோ சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவியுங்கள். யாரை அணுகுவது என்று புரியவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.