எண்ணெய்க் குளியலுக்கு ஒரு பீர்க்கங்கூடு

குளிக்கும்போது உடம்பு தேய்க்க உதவும் பீர்க்கங்கூடு என்பது முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார்தான். அதற்குக் காயைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டு, தோல் பழுப்பேறி, எடை குறைந்து, குலுக்கினால் விதைகள் கலகலக்கும்வரை காத்திருக்க வேண்டும். பச்சைக் காயில் நார் முற்றியிருக்காது. பிறகு இரு முனைகளையும் நறுக்கி, விதைகளை உதறி அடுத்த ஆடிப்பட்டத்துக்கு எடுத்துவைத்துவிட்டு, காயை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் உரிந்து வரும். வழவழப்பு அறவே நீங்கும்வரை நாரைப் பிழிந்து பிழிந்து அலசுவதில்தான் பொறுமை வேண்டும். இங்கே அவசரப்பட்டால் வாடை தங்கிவிடும்.

சேலத்து மாசி வெயிலில் கூடு விரைவிலேயே மொறமொறவென்று காய்ந்துவிடும். ஏற்காட்டில் மூடுபனி இறங்கும் நாட்களில் அடுப்புக்கு மேலே, சூடு எட்டும் உயரத்தில் தொங்கவிடுவதே நல்லது.

உள்ளங்கை நீளத்துக்கு நறுக்கி, ஓர் ஓரத்தில் பருத்தி நாடாவைத் தைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் விரலைக் கீறும் இந்த நார், வெந்நீரில் நனைந்ததும் துணிபோலக் குழையும். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து ஊறியபின், அரப்புத்தூளைக் குழைத்து இதில் தொட்டு, கை எட்டாத பெரியவர்களின் முதுகில் அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்துவிடுங்கள். அவர்கள் கண்மூடி அமர்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே இதைச் செய்யலாம் என்பேன். கைக்குழந்தைகளுக்கு வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் பிழிந்து காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள். கரும்புள்ளி தென்பட்டால் உரக்குழியில் போட்டுவிட்டு, புதிய கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.