ரைனிலும் டான்யூபிலும் ஆற்றுக் கப்பல்: எந்தத் திசை என்பதில் செய்யக் கூடாத தவறுகள்

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் ஏறி சுவிட்சர்லாந்தின் பாசலில் இறங்குவதா, பாசலில் ஏறி ஆம்ஸ்டர்டாமில் இறங்குவதா? ரைன் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் எல்லோரும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கிறார்கள். "ஊரெல்லாம் ஒன்றுதானே" என்று விலை குறைந்த பக்கத்தை எடுத்துவிடுகிறார்கள். ஊர்கள் ஒன்றுதான். ஆனால் ஆறு ஒரு பக்கமாகத்தான் ஓடுகிறது. அதை மறப்பதுதான் முதல் தவறு.

ரைன் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. பாசலில் ஏறினால் ஓட்டத்தோடு போகிறீர்கள், ஆம்ஸ்டர்டாமில் ஏறினால் எதிரோட்டம். ரூடெஸ்ஹைமுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே சுமார் 65 கிலோமீட்டர் நீளும் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2002-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், மேலே வரிசையாகக் கோட்டைகள். பாதிப் பேர் டிக்கெட் எடுப்பதே இதற்காகத்தான். இந்தப் பள்ளத்தாக்கில் உள்ள பாகராக், சங்க்ட் கோவர் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையே ஓடும் பயணிகள் படகு ஓட்டத்தோடு 40 நிமிடத்தில் வந்துவிடும். அதே தூரம் ஏறிப்போக ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும். எதிரோட்டத்தில் போனால் ஒவ்வொரு கோட்டையும் அவ்வளவு கூடுதல் நேரம் உங்கள் கண் முன் நிற்கும். என்னைக் கேட்டால் ரைனுக்கு எதிரோட்டம்தான்.

காவ்ப் என்ற ஊருக்கு எதிரே, நட்டாற்றில் ஒரு பாறை மேல் சின்ன வெள்ளைக் கோட்டை இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் படகுகளிடம் சுங்கம் வாங்கக் கட்டியது. நங்கூரம் போட்ட கப்பல் போலவே இருக்கும், கூர்முனை தண்ணீர் வரும் பக்கம் பார்த்தபடி. எதிரோட்டத்தில் போகும்போது அதன் பின்பக்கம் முதலில் தெரியும். பிறகு கப்பல் முக்கி முக்கி அதைக் கடக்கும்போது, அந்தக் கூர்முனையில் தண்ணீர் இரண்டாகப் பிரிவதைத் திரும்பி நின்று பார்க்கலாம்.

ஆனால் இதெல்லாம் பகலில் கடந்தால்தான். எந்தத் திசை என்று மட்டும் கேட்டுவிட்டு, எத்தனை மணிக்கு என்று கேட்காமல் விடுவது இன்னும் பெரிய தவறு. பள்ளத்தாக்கில் கப்பல் எத்தனை மணிக்கு நுழைகிறது, எத்தனை மணிக்கு வெளியே வருகிறது என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். டான்யூபில் இதே கேள்வியை, ஆஸ்திரியாவில் மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவே உள்ள வாகாவ் பள்ளத்தாக்குக்குக் கேட்க வேண்டும். அது 36 கிலோமீட்டர்தான், ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் போய்விடும்.

அடுத்தது காலண்டரைப் பார்க்காதது. டிசம்பர் 19-ல் கிளம்பும் ஒரு வார டான்யூப் பயணம் என்று வையுங்கள். புடாபெஸ்டில் ஏறி நியூரம்பர்க்கில் இறங்கினால், அங்கே போய்ச் சேரும்போது கிறிஸ்துமஸ் சந்தை முடிந்திருக்கும், 24-ஆம் தேதியோடு மூடிவிடுவார்கள். நியூரம்பர்க்கில் ஏறினால் அதை முதலில் பார்த்துவிடலாம். வியன்னா நகர மன்றத்தின் முன் நடக்கும் சந்தை 26 வரை இருக்கும், புடாபெஸ்டில் புத்தாண்டை ஒட்டிக்கூட இருக்கும். டியூலிப் பூக்களும் அப்படித்தான். ஆம்ஸ்டர்டாம் அருகே உள்ள கோய்கன்ஹாஃப் டியூலிப் தோட்டம் மே மாத நடுவில் மூடிவிடும், அதனால் மே முதல் வாரப் பயணத்தை ஆம்ஸ்டர்டாமில் தொடங்குங்கள்.

புடாபெஸ்டின் நாடாளுமன்றக் கட்டடம் இரவு விளக்கில் ஜொலிப்பதைப் பார்க்க அங்கேதான் முடிக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அங்கே தொடங்கும் கப்பல்கள் பலவும் கிளம்பும் இரவில் விளக்கொளியில் ஒரு சுற்று காட்டுகின்றன. இதற்காகத் திசையை மாற்ற வேண்டாம்.

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் சிக்கிக்கொள்வது விசாவில். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக வந்தால், முதலில் நுழையும் ஷெங்கன் நாடு. கப்பலுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் சேர்த்தால் இந்தக் கணக்கு சட்டென்று மாறிவிடும். திசையை முடிவு செய்யாமல் அப்பாயின்ட்மென்ட் வாங்காதீர்கள். விமான டிக்கெட்டும் ஒரு ஊரில் இறங்கி வேறொரு ஊரில் ஏறுவதாக ஒரே பதிவில் எடுங்கள். ஏறும் ஊருக்கு ஒரு நாள் முன்பே போய்விடுங்கள், விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

தண்ணீர் குறைந்தால் இந்தத் திசையில் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018-லும் 2022-லும் ரைன் வற்றியபோது காவ்ப் அருகே ஆழம் போதாமல் இரு பக்கப் போக்குவரத்தும் தடுமாறியது.

கேபின் எந்தப் பக்கம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளவும் தேவையில்லை. ரைன் பள்ளத்தாக்கில் உள்ள 132 மீட்டர் உயர லோரலைப் பாறை எதிரோட்டத்தில் இடப்பக்கமும் ஓட்டத்தோடு போகையில் வலப்பக்கமும் வரும். ஆனால் கோட்டைகள் இரு கரையிலும் இருக்கின்றன, அந்த நேரம் நீங்கள் மேல்தளத்தில்தான் இருப்பீர்கள். கோடையிலும் அங்கே காற்று சில்லென்று அடிக்கும், ஒரு ஸ்வெட்டரை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.